பாப்பாவுக்கு வலிப்பு: எங்கள் குடும்பக் குழுவில் இன்று காலை

குமார்: எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. ராத்திரி பாப்பாவுக்கு இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள்.

பெரியம்மா: ஐயோ தங்கமே! கை கால் இழுத்ததா?

குமார்: இல்லை பெரியம்மா. கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நின்றது. வாயைச் சப்பிக்கொண்டே இருந்தாள். பார்த்தால் பால் கேட்பது போலத்தான் இருந்தது.

நர்ஸ் அக்கா: பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் அப்படித்தான் தம்பி வரும். சிலது சைக்கிள் மிதிப்பது போலக் காலை ஆட்டும், சிலதுக்கு மூச்சு மட்டும் நிற்கும். சாதாரண நடுக்கம் என்றால் கையைப் பிடித்ததும் நின்றுவிடும். வலிப்பு நிற்காது. பிறந்ததும் அழுதாளா? சர்க்கரை பார்த்தார்களா?

குமார்: உடனே அழவில்லை அக்கா, செயற்கை சுவாசம் கொடுத்தார்கள். சர்க்கரை, கால்சியம் இரண்டும் சரியாக இருக்கிறது.

சின்ன மாமா: நம் வம்சத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாதே?

நர்ஸ் அக்கா: பரம்பரையாக வருவது குறைவு மாமா. பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைவதுதான் பெரிய காரணம். அது பெரும்பாலும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். மூளையில் ரத்தக்கசிவு, ரத்தக்குழாய் அடைப்பு, கிருமித் தொற்று என்று மற்றதும் உண்டு.

பெரியம்மா: கையில் ஒரு இரும்புச் சாவி வையுங்கள். குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைக்கிறேன்.

நர்ஸ் அக்கா: காசு முடியுங்கள் பெரியம்மா. சாவி வேண்டாம். உரை மருந்து எதுவும் வாயில் வைக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

சின்ன மாமா: பின்னால் வளர்ச்சி பாதிக்குமா?

நர்ஸ் அக்கா: காரணத்தைப் பொறுத்தது மாமா. கால்சியம் குறைந்து வந்த வலிப்பு என்றால், அதைச் சரிசெய்ததும் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாக இருப்பார்கள். ஆக்சிஜன் குறைவு அப்படியில்லை. லேசான பாதிப்பு என்றால் பலர் நன்றாக வளர்கிறார்கள். கடுமையாக இருந்தால் கை கால் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதமோ வலிப்பு நோயோ வரலாம். மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, மூளையைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் இரண்டும் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஒன்றும் ஆகாது என்று பொய்யாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குமார்: உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, அதுதான் வேண்டும். ஃபீனோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்து போட்டபின் வலிப்பு வரவில்லை. வருஷக்கணக்கில் கொடுக்கணுமா?

நர்ஸ் அக்கா: எல்லோருக்கும் தேவைப்படாது. இந்த மாதிரி வலிப்பு அடங்கிவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே நிறுத்தலாம் என்று 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. டாக்டரிடம் கேள், நீயாக நிறுத்தாதே. அப்புறம், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பதிந்துவிடு. கழுத்து நிற்பது, உட்காருவது, பார்வை, காது எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள்.

குமார்: சரி அக்கா. இப்போது தாய்ப்பால் பிழிந்து தரச் சொல்கிறார்கள், குழாய் வழியாகக் கொடுப்பார்களாம்.

நர்ஸ் அக்கா: உடனே கொடுங்கள். பெரியம்மா, பிள்ளை பெற்றவள் நேற்றிலிருந்து சாப்பிட்டாளா, யாராவது பார்த்தீர்களா?

பெரியம்மா: ரசம் சாதத்தோடு கிளம்பிவிட்டேன்.