ஐயம் வேறு, திரிபு வேறு: ரஸ்ட் மேக்ரோப் பிழைக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ரஸ்ட் நிரல்மொழியின் மேக்ரோக்களில் (ஒரு வடிவத்துக்குப் பொருந்தும் நிரல்துண்டை வேறொன்றாக விரித்துத் தரும் விதிகளில்) வரும் 'லோக்கல் ஆம்பிகுவிட்டி' (local ambiguity) பிழைக்குப் 'பொருள்மயக்கம்' என்று சொல்லலாம் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கே பொருளுக்கு வேலையே இல்லை. மேக்ரோ வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்போது எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பது தொகுப்பிக்கு (கம்பைலருக்கு) இன்னும் தெரியாது. வரிசையாக வரும் டோக்கன்களை (பெயர், குறி போன்ற சிறு துண்டுகளை) எங்கே பிரிப்பது என்பதுதான் சிக்கல். போதாததற்கு, இலக்கணத்தில் 'மயக்கம்' வேறு பொருளில் வருகிறது: 'மெய்ம்மயக்கம்' என்றால் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது. குழப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. வடிவத்தில் "எத்தனை பெயர் வேண்டுமானாலும் வரலாம், அவை 'அ'வில் சேரட்டும், கடைசியாக ஒரு பெயர், அது 'ஆ'" என்று எழுதியிருக்கிறோம். ஒரே ஒரு பெயரைக் கொடுத்து அழைத்தால்? அது 'ஆ'தான் என்று நமக்குப் பார்த்தவுடனே தெரியும். தொகுப்பியோ அடுத்த டோக்கனை எட்டிப் பார்க்காது. 'அ'வா 'ஆ'வா என்று அங்கேயே நின்று பிழை சொல்லிவிடும்.

இது நம் இலக்கணத்துக்குப் பழகிய சிக்கல்தான். 'செம்பொன்பதின்றொடி' என்பதைச் செம்பொன் பதின்றொடி என்றும் செம்பு ஒன்பதின்றொடி என்றும் பிரிக்கலாம். இசைத்திரிபால், அதாவது சொல்லும் ஓசையின் வேறுபாட்டால், தெளியும் என்கிறது நன்னூல். ரஸ்டில் அந்த இசையின் வேலையைக் குறியீடுகள் பார்க்கின்றன. வடிவத்தில் ஒரு கோவையை (எக்ஸ்பிரஷன், அதாவது மதிப்புத் தரும் நிரல்துண்டு) கேட்டால், அதையடுத்துக் காற்புள்ளி, அரைப்புள்ளி, அம்புக்குறி (=>) ஆகிய மூன்றில் ஒன்றுதான் வரலாம். வேறு எதைப் போட்டாலும் மேக்ரோவை வரையறுக்கும்போதே தடுத்துவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: பிரிப்பு ஐயம். தீர்ப்பதற்கு ஐயநீக்கம்.

'ஐயம்' என்பதை வேண்டுமென்றே எடுத்தேன். 'குற்றியோ மகனோ' (கட்டையா, மனிதனா) என்று தயங்குவது ஐயம். குற்றியையே மகன் என்று துணிவது திரிபு. மேக்ரோக்களிலும் இந்த இரண்டும் தனித்தனி நோய்கள். மேலே சொன்னது ஐயம். தொகுப்பி நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். திரிபு அப்படியில்லை. ஒரே மேக்ரோவில் கோவையை ஏற்கும் விதியை முதலிலும் வெறும் பெயரை ஏற்கும் விதியை இரண்டாவதாகவும் எழுதிப் பாருங்கள். தொகுப்பி விதிகளை வரிசையாகத்தான் பார்க்கும், பெயரும் ஒரு கோவைதான் என்பதால் இரண்டாம் விதிக்கு ஒருநாளும் முறை வராது. பிழைச்செய்தியும் வராது.

இதைவிடப் பொல்லாத திரிபு மொழி மாறும்போது வருவது. ரஸ்டின் 2024 பதிப்பில், வடிவத்தில் கோவையைக் கேட்கும் 'எக்ஸ்பர்' (expr) என்ற வகைக்குறி தனி அடிக்கோட்டையும் (_) கோவையாக ஏற்கத் தொடங்கியது. முன்பு இரண்டாம் விதிக்குப் போய்க்கொண்டிருந்த அடிக்கோடு, பதிப்பை மாற்றியதும் முதல் விதியிலேயே சிக்கலாம். பழைய நடத்தை வேண்டுவோருக்காகவே 'எக்ஸ்பர்_2021' என்று ஒன்றை வைத்தார்கள். இதற்குப் பிரிப்புத் திரிபு என்ற சொல் போதும். இரண்டுக்கும் சேர்த்து 'மயக்கம்' என்று எழுதினால் இந்த வேறுபாடு ஆவணத்தில் காணாமல் போய்விடும்.

'லோக்கல்' என்பதைத் தயவுசெய்து 'உள்ளூர்' ஆக்கிவிடாதீர்கள். பிழைச்செய்தியில் "இவ்விடத்தில் பிரிப்பு ஐயம்: 'அ'வா, 'ஆ'வா?" என்று போட்டால் சரியாக இருக்கும்.

அப்புறம், 'தொகுப்பி'யா 'நிரல்பெயர்ப்பி'யா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.