குடும்பக் குழுவில் தாத்தாவின் அம்பா

சனி, இரவு 8:12

தம்பி: தாத்தாவோட அம்பா, அதான் வலை இழுக்கிறப்ப பாடுற பாட்டு, ரெடி. தாத்தா குரலைக் கேட்டுக்கிட்டே பின்பாட்டு பாடினது நான். கேட்டுட்டுச் சொல்லுங்க 🎧

சின்ன மாமா: கேட்டேன் மாப்ளே. தாத்தா வலையை இழுத்து மீனும் பிரிச்சுட்டாக. நீ இன்னும் கயித்த இழுத்துக்கிட்டே இருக்க 😂

சித்தி: விடுண்ணே, பாவம். குரல் நல்லாத்தான் இருக்கு

அம்மா: ரெண்டு நாளா ஃபேனை நிறுத்திட்டு உக்காந்திருக்கான். மிக்சி போட விட மாட்டேங்கிறான். சட்னி அம்மியிலதான்

தம்பி: மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சா படகு இஞ்சின் சத்தம் வந்துரும்மா. ஜூன் 14க்குள்ள பதிஞ்சாத்தான் உண்டு
தம்பி: அக்கா, சும்மா பாடினா எனக்குத் தாளம் வருது. ஹெட்செட்டை மாட்டினாத்தான் இழுக்குது. ஏன்னே தெரியல

நான்: உன் தப்பில்லடா, லேட்டன்சி. நீ பாடுறது மைக்ல போய், கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சுத்து சுத்தி, திரும்ப உன் காதுக்கு வர நேரமாகுது. அதுக்காக நீ காத்திருந்து பாடுற. என்ன ஹெட்செட்?

தம்பி: கழுத்துல மாட்டுற ப்ளூடூத்

நான்: அதைக் கழட்டி மாமாகிட்ட குடு. கிரிக்கெட் பாக்கட்டும். ப்ளூடூத் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி அங்க விரிக்கிறதுக்குள்ள 150, 200 மில்லிசெகண்ட் போயிரும். தன் பேச்சே அம்புட்டு லேட்டா காதுல விழுந்தா நல்லா பேசுறவனுக்கே நாக்கு குழறும்

சித்தி: ஆமாடி! அப்பல்லாம் சவுதிக்கு போன் போட்டா நம்ம பேசுனது நமக்கே திரும்பக் கேக்குமே. உங்க சித்தப்பாகிட்ட "ஹலோ ஹலோ"ன்னே காசு தீந்துரும்

ஞாயிறு, காலை 10:40

தம்பி: வயர் ஹெட்போன் மாட்டிட்டேன். பரவாயில்ல, ஆனா இன்னும் ஒட்டல. யாரோ பக்கத்துல நின்னு என்னையே பழிச்சுக் காட்டுற மாதிரி இருக்கு

நான்: பஃபர், அதான் கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேத்து வச்சு அனுப்புற அளவு, எவ்வளவு வச்சிருக்க? ஹெட்போனை எங்க சொருகியிருக்க?

தம்பி: 1024. லேப்டாப்லதான். சிவப்புப் பெட்டியில ஓட்டை பெருசா இருக்கு, பின் லொடலொடங்குது

நான்: அட கிறுக்கா. ஃப்ரெண்டுகிட்ட ஸ்கார்லெட் சோலோ, மைக்கைக் கம்ப்யூட்டரோட சேக்குற பெட்டி, இரவல் வாங்கிட்டு பாதியத்தான் உபயோகிக்கிறியா
நான்: கணக்கு பாரு. சத்தத்தை செகண்டுக்கு 44,100 துண்டா வெட்டுது, அதான் சாம்பிள். 1024 சேர்ந்தாத்தான் ஒரு நடை அனுப்பும். அதுக்கே 23 மில்லிசெகண்ட். போக ஒண்ணு, வர ஒண்ணு, 46. அதுக்கு மேல விண்டோஸ் தன் பங்குக்கு வேற சேர்க்கும். காத்துல சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும். அப்ப நீ 16 மீட்டர் தள்ளி நின்னு உன்னைக் கேக்குற

சின்ன மாமா: வீட்டுக்குள்ள பாடுறவன் தெருமுனையில நிக்கிறான்னு சொல்லு

அம்மா: தாத்தாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "இதுக்கா இம்புட்டுப் பேச்சு"ங்கிறாக. கரையில நின்னு இழுக்கிற கரைவலையில ரெண்டு கயிறும் எட்ட எட்டக் கிடக்குமாம். அந்தக் கயித்துக்காரன் அம்பாவைக் கேட்டு இந்தக் கயித்த இழுத்தா கூட்டமே தடுமாறிருமாம். அதனால கயித்துக்கு ஒரு ஆள் முன்பாட்டு. "பக்கத்துல இருக்கிறவன் குரலத்தான் கேக்கணும், எதிர்க் கரையைக் காதுல வாங்கக் கூடாது"ங்கிறாக

நான்: அம்மா!! நான் சொல்ல வந்ததே அதான். 300 மீட்டர்னு வச்சுக்க, சத்தம் வந்து சேர முக்கால் செகண்டுக்கு மேல ஆகும்
நான்: தம்பி, கம்ப்யூட்டர் எதிர்க் கரை. அது சுத்திக் கொண்டாந்து தர்ற குரலை நீ கேக்கவே வேணாம். கால் இஞ்ச் கன்வெர்ட்டர் பின் ஒண்ணு வாங்கி ஹெட்போனைப் பெட்டியிலயே மாட்டு. முன்னாடி டைரக்ட் மானிட்டர்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடு. மைக் சத்தம் பெட்டியிலேர்ந்து நேரா காதுக்கு வந்துரும்

சின்ன மாமா: பின்னு நான் ராமநாதபுரம் போறப்ப வாங்கியாறேன். கறிக்குப் போறேன், அப்படியே

மாலை 5:05

தம்பி: பின் வந்துருச்சு. ஆனா இப்ப குரல் ரெண்டு ரெண்டா கேக்குது. தகரக் குடத்துக்குள்ள பாடுற மாதிரி

நான்: நீ பதியுற ரீப்பர் சாஃப்ட்வேர்ல உன் டிராக்ல சின்ன ஸ்பீக்கர் படம் இருக்கும், அதை அணை. பெட்டியும் குடுக்குது, கம்ப்யூட்டரும் குடுக்குது. அதான் ரெண்டு

தம்பி: சூப்பர்க்கா!! ஒட்டிக்கிச்சு. ஆனா குரல் மொட்டையா இருக்கு. கோயில்ல பாடுற மாதிரி எதிரொலி இருந்தாத்தான் எனக்கு வாய் வரும்

நான்: ரிவெர்பை, அதான் அந்த எதிரொலியை, மட்டும் கம்ப்யூட்டர்லேர்ந்து அனுப்பு, உன் நேர்க் குரல் அதுல கலக்காம. எதிரொலி கொஞ்சம் லேட்டா வந்தா என்ன, அதுவும் எதிரொலிதானே. டிரைவரை மட்டும் பெட்டியோட ஏசியோவுக்கு மாத்திரு, அது லேட்டைக் குறைக்கிற சவுண்ட் டிரைவர். பஃபர் 256 வை. 64க்கு இறக்காத, அந்தப் பழைய லேப்டாப் மூச்சு வாங்கி கரகரன்னு விட்டுரும்

தம்பி: அப்ப நேத்துப் பாடினதை அப்படியே முன்னாடி நகத்திர முடியாதா?

நான்: எல்லா இடத்துலயும் ஒரே அளவு பிந்தியிருந்தா நகத்தலாம். மெட்ரோனோம், தாளம் காட்டுற டிக் டிக்கை ஹெட்போன்ல ஓட்டி, மைக்குக்கிட்டப் பிடிச்சுப் பதிஞ்சு பாரு. எவ்வளவு தள்ளி விழுதோ அதை ரீப்பர் ரெக்கார்டிங் செட்டிங்ல ஆஃப்செட்டா குடுத்தா இனிமே அதுவே சரி பண்ணிக்கும். ஆனா நீ பயந்து பயந்து இழுத்துப் பாடினது இருக்கே, அது வரிக்கு வரி கூடுது. அதை நகத்திப் புண்ணியமில்ல. திரும்பப் பாடு

இரவு 9:30

தம்பி: அம்பா_5. இப்பக் கேளுங்க

சித்தி: புல்லரிக்குதுடா

சின்ன மாமா: இப்பத்தான் கயிறு இறுகுது மாப்ளே

அம்மா: தாத்தா ரெண்டு தடவை கேட்டாக. "தாளம் சரி. ஆனா பாடுறவன் கையில கயிறு இல்ல, சும்மா நின்னு பாடுறான்"ங்கிறாக. இழுக்கிறப்ப மூச்சு முட்டி ஏலேலோ ஒடையணுமாம்

தம்பி: 😳 சரி. இன்னொரு டேக்

இரவு 10:15

அம்மா: யாருடா பீரோ காலுல நைலான் கயித்தக் கட்டுனது? பீரோ கதவ மறிச்சுக்கிட்டு நிக்குது. அப்பத்தா உள்ள மாட்டிக்கிட்டாக