அட்டைக்கு இன்று அனுமதி கிடைத்ததால் அன்றைய வைத்தியம் சரியாகிவிடுமா?

செங்கழுநீர்:
இரத்தம் உறிஞ்ச உடம்பில் அட்டை விடுவதை மூடத்தனம் என்று சிரித்தவர்கள் எங்கே? 2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே மருத்துவ அட்டைகளை விற்க அனுமதி கொடுத்துவிட்டது. அறுந்த விரலை ஒட்டவைக்கும் மருத்துவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். பழைய வைத்தியர்கள் முட்டாள்கள் அல்லர்.

கணக்குப்பிள்ளை:
எந்தப் பழைய வைத்தியர்? பாரிசில் புரூசே என்று ஒருவர் இருந்தார். நோய்களுக்கெல்லாம் வேர் வயிற்று, குடல் அழற்சிதான் என்று அடித்துச் சொன்னவர். காய்ச்சல் என்று போனாலும் வயிற்றில் அட்டை. 1832-இல் காலரா வந்தபோதும் அதே கதை. உடம்பில் நீர் வற்றிக் கிடப்பவனிடம் இரத்தத்தையும் உறிஞ்சினால் அவன் எப்படிப் பிழைப்பான்? 1833-இல் மட்டும் பிரான்ஸ் நான்கு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. போதாதென்று போர்தோ பக்கத்துச் சதுப்பு நிலங்களில் கிழட்டுக் குதிரைகளை இறக்கிவிட்டு அட்டைகளுக்குத் தீனி போட்டார்கள். பாவம் குதிரைகள்.

செங்கழுநீர்:
ஒருவர் அளவு மீறினார் என்பதற்காக வைத்தியமே பொய்யாகுமா? அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை ஹேகிராஃப்ட் என்ற ஆய்வாளர் 1884-இல்தான் கண்டார். பலன் அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

கணக்குப்பிள்ளை:
தெரிந்திருந்ததா, தெரிந்ததாக நினைத்தார்களா? அதே பாரிசில் பியேர் லூயி என்ற மருத்துவர் எண்ணிப் பார்த்தார். நுரையீரல் அழற்சி வந்தவர்களில், நோயின் முதல் நான்கு நாள்களிலேயே இரத்தம் எடுக்கப்பட்டவர்களில் 44 விழுக்காட்டினர் இறந்தனர். தாமதமாக எடுக்கப்பட்டவர்களில் 25.

ஊர்க்குருவி:
லூயியின் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. யாருக்கு முதலில் என்று அவர் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. ஆனால் விரல் விஷயமே வேறு. ஒட்டிய விரலுக்குள் தமனி வழியே இரத்தம் வந்துவிடும்; நுண்ணிய சிரைகளைத் தைப்பது கடினம். வெளியேற வழியில்லாமல் தேங்கி விரல் கருநீலமாகும். புதுச் சிரைகள் முளைக்கும்வரை அட்டைதான் வடிகால். அது வயிறு நிறைந்து கழன்று விழுந்த பின்னும் கடிவாயில் மணிக்கணக்கில் இரத்தம் கசியும். அந்தக் கசிவில்தான் பாதிப் பயன். அதன் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமிக்காக ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார்கள். புரூசே செய்ததற்கும் இதற்கும் அட்டை ஒன்றுதான் பொது.

செங்கழுநீர்:
அப்படியானால் புண்ணைச் சுற்றி இரத்தம் கட்டிய இடத்தில் மட்டும் அட்டை விடும் சித்த வைத்தியரையும் புரூசேயோடு சேர்க்காதீர்கள். கெட்ட இரத்தம் தேங்கிய இடத்தில்தான் அவரும் விடுகிறார்.

கணக்குப்பிள்ளை:
சேர்க்கவில்லை. அந்தக் ‘கெட்ட இரத்தம்’ எந்தச் சோதனையில் தெரியும் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். ஒருவரைக் கடித்த அட்டையை அடுத்தவருக்கும் விடுகிறாரா என்பதையும் கேளுங்கள். அறுவைப் பிரிவில் ஒருமுறை கடித்ததை ஆல்கஹாலில் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள்.