நேற்று முடித்த பீட்டும் பத்து ஆண்டுப் பழையதாகக் கேட்கிறது: என்ன செய்யலாம்?

சிப்புட்_லயத்தான் கேட்கிறார்:

வணக்கம். 2006இல் மலேசியத் தமிழ் ராப் குழுவான யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்' தொகுப்பு வெளிவந்தபோது எனக்கு 19 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில், அம்மாவின் தையல் மேசைமேல் பழைய கணினி ஒன்றை வைத்து, அன்று எல்லோரும் புரூட்டி லூப்ஸ் என்றே அழைத்த மென்பொருளில் பீட், அதாவது ராப் பாடலுக்கான பின்னணி இசை, அமைக்கத் தொடங்கினேன். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயமும் இடிக்கப்பட்டுவிட்டது. நான் மட்டும் பகலில் ஆலை வேலை, இரவில் பீட் என்று அப்படியே இருக்கிறேன்.

சென்ற வாரம் என் அக்காள் மகனின் நண்பனுக்குப் புதிய பீட் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "மாமா, இதை முன்பே போட்டீர்களே" என்றான். அன்று காலையில்தான் அதை முடித்திருந்தேன்.

இன்றைய பாணியில் ஹை-ஹாட் என்னும் தாளத்தட்டு ஓசையைப் படபடவென்று ஓடவிட்டால் மகனின் சட்டையைத் தகப்பன் போட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது. விட்டுவிட்டாலோ, பழசு என்கிறார்கள். நீண்ட காலம் இத்துறையில் இருப்பவர்கள் இதை எப்படிக் கடந்தீர்கள்?

ஈப்போ_கேசட் பதில்:

தம்பி, நான் உங்களுக்குப் பத்து ஆண்டு மூத்தவன். 1998இல் மலேசிய ராப் குழுவான போயட்டிக் அம்மோவின் தொகுப்பை நாடா தேயும்வரை கேட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன். வயதுதான் காரணம் என்று நீங்கள் எண்ணுவதுபோல் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஹிப்-ஹாப்பின் பொற்கால ஓசை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி பற்றாக்குறையில் பிறந்தது. 1987இல் வந்த, ஒலித்துண்டுகளைப் பதிந்து பீட் அமைக்க உதவும் இ-மியூ எஸ்பி-1200 கருவியில் மொத்தமே ஏறக்குறைய 10 விநாடி ஒலியைத்தான் பதிய முடியும். அந்த இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு கருவிக்குள்ளேயே சுருதியை இறக்கினார்கள். அப்படி இறக்கும்போது, துல்லியம் குறைந்த அந்த 12 பிட் பதிவு கரகரவென்று உடைந்தது. சிக்கனம் பார்க்கப் போன இடத்தில் கிடைத்த அந்தக் கரகரப்பு, இன்று கணினியில் ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. அதனால்தான் யார் போட்டாலும் ஒன்றுபோலவே கேட்கிறது.

1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில், அனுமதியின்றிச் சாம்பிள் (பிறர் பாடலிலிருந்து ஒலித்துண்டு) எடுப்பது திருட்டு என்ற தொனியில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பல இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோப்பது செலவு மிகுந்த வேலையாகிவிட்டது. மறு ஆண்டே அமெரிக்க ராப் இசையமைப்பாளர் டாக்டர் டிரே தம் தொகுப்பில் பழைய ஃபங்க் மெட்டுகளைக் கலைஞர்களை வைத்துப் புதிதாக வாசிக்கச் செய்திருந்தார். அவருடைய அடுத்த இரு தொகுப்புகள் 1999இலும் 2015இலும்தான் வந்தன. பதினாறு ஆண்டு இடைவெளி அவருக்குக் கட்டுப்படியாகும்; நமக்கு ஆகாது, அது வேறு கதை. ஆனால் 2015இல் அவர் தனியாக உட்கார்ந்து இளமையைத் தேடவில்லை. அன்று பலரும் அறிந்திராத ஆண்டர்சன் பாக் என்ற பாடகரை ஆறு பாடல்களில் சேர்த்துக்கொண்டார். உங்களை மடக்கிய அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கோயில்மேடு பதில்:

இவ்வளவு யோசிப்பானேன்? பங்குனி உத்திரத்துக்கு உங்கள் ஊரில் உறுமி மேளம் வராமலா இருக்கும்? கைப்பேசியில் பதிவு செய்து பீட்டில் சேருங்கள். எந்த அமெரிக்கனிடமும் அந்த ஓசை கிடையாது.

பகாவ்_பெண் பதில்:

கோயில்மேடு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டுத் தமிழ் ராப்பில் உறுமியும் பழகிய அலங்காரமாகிவிட்டது. பழைய பீட்டின்மேல் அதை ஒட்டினால், பழைய பீட்டுக்கு மாலை போட்டதாகத்தான் இருக்கும். நான் ஒலிக்கலவை வேலை செய்பவள் என்பதால் ஒரு சிக்கலையும் சொல்கிறேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமலும், இன்றைய பீட்டுகளில் சறுக்கிச் செல்லும் 808 பேஸ் என்னும் அடித்தள முழக்கமும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். உறுமியைச் சேர்ப்பதானால் பேஸை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை உறுமிக்கே கொடுத்துப் பாருங்கள். அப்போது அது உங்கள் பீட்டாகலாம்.

அண்ணா, நீங்கள் அஞ்சும் அந்தப் புது 808, உண்மையில் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்டு 1983இல் நிறுத்திவிட்ட டிரம் இயந்திரத்தின் ஓசை. அது உங்களைவிட மூத்தது! ஆகவே ஓசையின் வயது ஒரு பொருட்டே அல்ல. அதை எங்கே வைக்கிறோம், எதை நீக்குகிறோம் என்பதுதான் காதில் விழுகிறது. 1990களிலிருந்து பீட் அமைக்கும் அமெரிக்கர் ஆல்கெமிஸ்ட், பல பாடல்களில் டிரம்மையே ஏறக்குறைய எடுத்துவிட்டு, திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பை மட்டும் ஓடவிடுகிறார். இன்னொரு பீட் கலைஞரான ஜே டில்லா, அடிகளை இயந்திரத்தின் தாளக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்காமல், கை விழுந்த இடத்திலேயே விட்டார். இதற்கெல்லாம் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பீட் தொடங்கும்போது முதலில் எந்தக் கோப்புறையைத் திறக்கிறீர்கள்?

சிப்புட்_லயத்தான்:

தங்கை கேட்டது சுருக்கென்று தைத்தது. நேற்றிரவு, கெட்டுப்போகாமல் மிஞ்சியிருக்கும் என் 63 பீட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 41இல் ஒரே ஸ்னேர் (டிரம் அடி ஓசை). 2007இல் நண்பர் ஒருவர் குறுந்தட்டில் கொடுத்தது. அதன் ஒலி அளவைக்கூட நான் மாற்றியதில்லை. அந்தப் பையனின் காதில் விழுந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை அவனை வரச் சொல்லியிருக்கிறேன். உறுமி வாசிக்கும் என் மைத்துனரும் வருகிறார். பேஸ் இல்லாமல் ஒன்று முயல்கிறோம். அந்த ஸ்னேரை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. பென்டிரைவில் ஏற்றி, அம்மாவின் தையல் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன்.