25 டயர் சரிப்படல, ரோடு பைக் வாங்க யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே. தாம்பரத்துலேர்ந்து கிண்டிக்கு ஜிஎஸ்டி ரோட்டுல சைக்கிள்லதான் ஆபீஸ் போறேன். போக வர 30 கிலோமீட்டர் கிட்ட வரும். தொப்பையும் கொஞ்சம் இறங்கணும்.

இப்ப ஓட்டுறது நண்பர் கொடுத்த பழைய ரோடு பைக் (வளைஞ்ச ஹேண்டில்பார், மெல்லிசு டயர் வச்ச சைக்கிள்), 25 மி.மீ. டயர். போன வாரம் பல்லாவரம் தாண்டி ஒரு பள்ளத்துல விட்டேன். ரிம்ல நசுங்கி டியூப்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டை! காத்து கம்மியா வச்சது என் தப்புதான். 28 போடலாம்னா பிரேக்குக்கும் டயருக்கும் நடுவுல இடமே இல்ல.

அதனால 32 டயர் ஏறுற, கேரியர் மாட்டுற மாதிரி வண்டி தேடுறேன். பட்ஜெட் 35,000. பழசுன்னாலும் ஓகே. கடைக்காரர் நேர் ஹேண்டில்பார் வச்ச ஹைப்ரிட் சைக்கிள் எடுங்கன்றார், எனக்கு வளைஞ்ச ஹேண்டில்பார் மேலதான் ஆசை. மழைக்கு டிஸ்க் பிரேக் அவசியமா? என் எடை 84 கிலோ, 32 டயருக்கு காத்து எவ்ளோ பிஎஸ்ஐ வைக்கலாம்? ஓட்டுறவங்க சொல்லுங்க.