வெளிநாட்டில் வீடு, கூடவே ஓராண்டு விடுப்பு: அனுபவப்பட்டவர்கள் உதவுங்கள்

வணக்கம். வேலையிலிருந்து ஓராண்டு விலகியிருந்து, அதே சமயம் வெளிநாட்டில் வீடும் வாங்குவதாக இருக்கிறோம். கடன் ஒப்புதலை விடுப்புக்கு முன்பே வாங்கிவிடுவோம். சம்பளச் சீட்டு நின்றுவிட்டால் வங்கி தயங்கும். சொந்த வீடு இருந்தாலும் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) குறுகிய கால விசாவுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்பதும் தெரியும்.

சிக்கல் பவர் பத்திரத்தில், அதாவது எங்கள் சார்பில் வீட்டை வாங்கிப் பதிய ஒரு முகவருக்கு அதிகாரம் தரும் ஆவணத்தில். நோட்டரி, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று), மொழிபெயர்ப்பு எல்லாம் சரி. ஆனால் பொதுப் பவர் கொடுத்தால் முகவர் வீட்டை விற்கவும் வழியுண்டு. குறிப்பிட்ட ஒரே சொத்தை வாங்கிப் பதிய மட்டும், விலை உச்சவரம்பும் காலாவதித் தேதியும் போட்டு எழுதிய வாசகம் இருந்தால் பகிருங்கள்.

இன்னொன்று: வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் பூட்டியிருந்தால் பல காப்பீடுகள் நீர்க்கசிவுக்கு இழப்பீடு தருவதில்லை. மெயின் வால்வை அடைத்தால் போதுமா, யாராவது வந்து பார்த்ததற்கு ஆதாரமும் கேட்பார்களா?