இரண்டாவது சப்வூஃபர்: வாங்குவதா, இருப்பதை நகர்த்துவதா?

கேள்வி

5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள அறையில், இரண்டு சிறிய ஸ்பீக்கர்களையும் 10 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) ஒன்றையும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருடன் இணைத்துப் பாட்டுக் கேட்டு வருகிறேன். சப்வூஃபர் முன்சுவரின் இடது மூலையில் இருக்கிறது. சோஃபா ஏறத்தாழ அறையின் நடுவில் கிடக்கிறது. சோஃபாவில் அமர்ந்தால் பேஸ் கிதாரின் அடித்தந்தி ஒலிகள் மெலிந்து, சில சுரங்கள் காணாமலே போகின்றன. எழுந்து பின்சுவரை ஒட்டி நின்றாலோ அதே சுரங்கள் கும்மென்று எழுந்து மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றன. சோஃபாவுக்குப் போதுமான அளவுக்குச் சப்வூஃபரின் கெயினை (ஒலியளவை) கூட்டினால், பின்னால் இருப்பவர்களால் பொறுக்க முடிவதில்லை. இரண்டாவதாக ஒரு சப்வூஃபர் சேர்த்தால் இது சீராகுமா? அதே மாடல்தான் வேண்டுமா? முதலாவதன் பக்கத்திலேயே வைத்துவிடலாமா?

முதல் பதில்

பக்கத்தில் வைத்தால் ஒலி கூடும், குறை அப்படியே இருக்கும். ஒரே இடத்தில் ஒரே கட்டத்தில் (ஃபேஸில், அதாவது ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசைந்து) இயங்கும் இரண்டு சப்வூஃபர்கள் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகத் தருமே தவிர, அறை அந்த ஒலியைப் பங்கிடும் விதத்தை அவை மாற்றுவதில்லை.

நீங்கள் சொல்லும் அளவுகளைக் கொண்டே காரணத்தைக் கணக்கிடலாம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால், 5 மீட்டர் நீளத்தில் முதல் நிலையலை (எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி எதிரொலித்து ஓரிடத்தில் நிலைத்துவிடும் அலை) 34 ஹெர்ட்ஸ் அருகிலும், 4 மீட்டர் அகலத்தில் 43 ஹெர்ட்ஸ் அருகிலும் உருவாகும். இவ்விரண்டின் அழுத்தமும் சுவர்களை ஒட்டி உச்சத்திலும் நடுவில் சுழியிலும் (பூஜ்யத்திலும்) இருக்கும். பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், சோஃபாவில் அது மெலிவதிலும் சுவரோரம் அது முழங்குவதிலும் வியப்பில்லை. மூலையில் வைத்த சப்வூஃபர் இரண்டு நிலையலைகளையும் முழு வலுவோடு தூண்டுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றொன்றைப் பின்சுவரின் நடுவிலும் வைத்து இரண்டையும் ஒரே கட்டத்தில் இயக்கினால், நீளவாக்கின் முதல் நிலையலையை அவை எதிரெதிராகத் தூண்டி ஒன்றையொன்று அழித்துவிடும். அகலவாக்கில் இரண்டுமே சுழிப்புள்ளியில் நிற்பதால் 43 ஹெர்ட்ஸ் அலை எழும்புவதே இல்லை. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் இதை ஆராய்ந்த டாட் வெல்டி, 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளை இரண்டு சப்வூஃபர்களுக்கு ஏற்ற இடங்களாகக் காட்டினார். இதனால் சோஃபாவுக்குப் புதிதாக ஒலி வந்து சேர்ந்துவிடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுவரோர முழக்கம் அடங்கிவிடுவதால், அதன்பின் கெயினைக் கூட்டும்போது எல்லா இருக்கைகளிலும் ஒரே அளவில் கூடும். உங்கள் வீட்டுச் சச்சரவு தீர்வது அந்த வழியில்தான்.

இரண்டாம் பதில்

மேலே உள்ள விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் தனியாக அமர்ந்து கேட்பவராக இருந்தால் பணம் செலவழிக்கும் முன் சோஃபாவை நகர்த்திப் பாருங்கள் என்பேன். நடுவிலிருந்து அரை மீட்டரோ முக்கால் மீட்டரோ பின்னால் தள்ளினாலே 34 ஹெர்ட்ஸ் காதுக்குத் திரும்பிவிடும். அதோடு, சப்வூஃபரைச் சற்று நேரம் நீங்கள் அமரும் இடத்தில் வைத்து, தாழ்ந்த சுரங்கள் நிறைந்த ஒரு பாடலை ஓடவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். ஒலி எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால் சோஃபாவிலும் அப்படியே கேட்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பலர் அமரும் அறை என்றால் மட்டும் முதல் பதிலே சரி, ஏனென்றால் ஒற்றைச் சப்வூஃபரால் ஓர் இருக்கையைத்தான் திருப்திப்படுத்த முடியும்.

கேட்டவர்

நன்றி. நாங்கள் மூவர் சேர்ந்து கேட்பதால் சோஃபாவை மட்டும் நகர்த்திப் பயனில்லை. பின்சுவரின் நடுவில் கதவு இருக்கிறது. பக்கச் சுவர்களின் நடுவில் வைக்கலாமா?

மூன்றாம் பதில்

தாராளமாக வைக்கலாம், அங்கே அகலவாக்கின் அலை அழியும், நீளவாக்கின் அலை தூண்டப்படாது, பலன் அதேதான். கிராஸ்ஓவரை (சப்வூஃபருக்கும் ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரிக்கும் அதிர்வெண்ணை) 80 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றாதீர்கள், ஏற்றினால் ஒலி பக்கவாட்டிலிருந்து வருவது தெரிந்துவிடும்.

அதே மாடலை வாங்குவதே நல்லது. மூடிய பெட்டி ஒன்றையும் துளையுள்ள பெட்டி ஒன்றையும் கலந்தால், துளையின் இசைவு அதிர்வெண்ணை ஒட்டி இரண்டின் ஃபேஸும் வெவ்வேறாகத் திரும்பி, நீங்கள் எதிர்பார்க்கும் அழிவும் கூட்டலும் நடக்காமல் போகும். ஆம்ப்ளிஃபையரில் ஒரே சப்வூஃபர் வெளியீடு இருந்தால், இரண்டாகப் பிரியும் ஒரு கேபிள் போதும். இரண்டின் கெயினையும் ஃபேஸ் திருகையும் ஒரே நிலையில் வைத்து, அவற்றை ஒரே கருவியாகக் கருதி ஸ்பீக்கர்களோடு இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்று மட்டும் ஒலிப்பதைவிடக் குறைவாகக் கேட்டால், ஒன்றின் போலாரிட்டி (நேர், எதிர் இணைப்பு) தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

ஈக்வலைசரை (குறிப்பிட்ட அதிர்வெண்களின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் வசதியை) இவ்வளவும் முடிந்த பிறகே தொடுங்கள். ஒலி அழிந்துபோகும் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முயல்வது விழலுக்கு இறைத்த நீர்: 10 டெசிபல் உயர்த்தப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும், கூட்டிய ஒலியும் அதே பள்ளத்தில் அழியும். மேட்டைக் குறைப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. அளவிடும் மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளும் இருந்தால் ஊகிக்க வேண்டிய தேவையே இராது. உங்கள் அறையில் 69 ஹெர்ட்ஸ் அருகே மேடு ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் நீளவாக்கின் இரண்டாம் நிலையலைக்கு அறையின் நடு உச்சம். சப்வூஃபர்களும் சோஃபாவும் அதே கோட்டில் நிற்கப்போகின்றன.

கேட்டவர்

நண்பரிடமிருந்து அதே மாடலை இரவல் வாங்கி, பக்கச் சுவர்களின் நடுவில் வைத்து அளந்தேன். பின்சுவரோர முழக்கம் பெருமளவு அடங்கிவிட்டது. நீங்கள் சொன்ன மேடு 68 ஹெர்ட்ஸில், சுமார் 7 டெசிபல் உயரத்தில் நின்றது. சோஃபாவை 40 சென்டிமீட்டர் பின்னால் தள்ளியதில் பாதி குறைந்தது, மீதியை ஈக்வலைசரில் வெட்டிவிட்டேன். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.